மாப்பிள்ளையும் மொட்டையும்

லினக்ஸில் எந்த டெஸ்க்டாப் நல்லது என்று போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் எதிரிலேயே சண்டை போட்டீர்கள். ஒருவருக்கு அழகு வேண்டும், இன்னொருவருக்கு வேகம் வேண்டும். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க சார்" என்றீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரையும் திட்டியிருப்பேன். கடையை விட்டு ஓய்வு பெற்றவன் எதற்குத் திட்ட வேண்டும்? எழுதிக் கொடுக்கிறேன், படித்துவிட்டு மறுபடி சண்டை போடுங்கள்.

தொழிலுக்கு நேற்று வந்தவர்களுக்காக ஒரு வரி. லினக்ஸ் இலவசம். அதன் மேல் ஜன்னல், மெனு, பொத்தான் என்று நாம் பார்க்கிற முகம் தனி. அந்த முகத்துக்குத்தான் டெஸ்க்டாப் என்று பெயர். பல முகங்கள் உண்டு, பிடித்ததை மாட்டிக்கொள்ளலாம். நான் மாட்டிய இரண்டு முகங்களின் நிஜப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் முதல் பக்கத்திலேயே கட்சி கட்டிவிடுவீர்கள், மீதியைப் படிக்கமாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

தேயிலை விழுந்த வருஷங்கள் அவை. கொழுந்துக்குக் கிடைத்த விலை அதைப் பறிக்கிற கூலிக்கே காணவில்லை. பறிக்காமல் விட்ட செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாக நின்றன. சின்னத் தோட்டக்காரர்கள் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். ஃபாக்டரிகள் வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தன. ஊட்டி மார்க்கெட் பக்கத்தில் மாடியில் எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. எஸ்டேட்காரர்கள் யாரும் புது மெஷின் வாங்கவில்லை. பழையதைச் சரி பண்ணுங்கள், இன்னும் பழையதைக் கொண்டு வந்து அதோடு சேருங்கள் என்றார்கள். அதையும் செய்தேன்.

சோலூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். கம்பெனியின் தலைமை ஆபீஸ் கோயமுத்தூரில். அங்கிருந்து ஒரு ஆபீசர் வந்திருந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் மட்டும் இஸ்திரி இல்லை. விஷயத்தை நின்றபடியே சொன்னார். அதுவரை திருட்டு சிடியில் ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்தைக் காசு கொடுத்து வாங்கக் கம்பெனி தயாராக இல்லை. இலவசமாக ஏதாவது போட்டு ஓட்ட முடியுமென்றால் ஆபீஸ் மலையிலேயே இருக்கும். மாசக் கடைசியில் ஜீப்போடு வருவார். மெஷின் ஓடவில்லை என்றால் கணக்கு, ஃபைல், மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் போய்விடுவார். ஆபீசைப் பூட்டிவிடுவார்கள். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் அதோடு சரி.

வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். ஹெட் கிளார்க் மரகதக்கா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், ஐம்பது வயது இருக்கும். நாக்கைச் சாணை பிடித்து வைத்திருப்பார். அடுத்தவர் போஜண்ணன், டிஸ்பாட்ச் பார்ப்பவர். படகர், ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருந்தது. அதில் பாதியைப் பிடுங்கிவிட்டிருந்தார். மூன்றாவது ஆள் சாந்தி, டைப்பிஸ்ட். நிரந்தரமாக்கப்படாத வேலை.

என்னிடம் இரண்டு டெஸ்க்டாப் கையிருப்பில் இருந்தன. ஒன்று பளபளப்பு. நிழல் விழும், ஐக்கான் குதிக்கும், ஜன்னலைத் திறந்தால் ஆடி அசைந்து வந்து உட்காரும். போஜண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வாரானுங்க, தள்ளி நில்லுங்க" என்றார். இன்னொன்றில் சாம்பல் நிறத் திரை, கீழே ஒரு பட்டை, அவ்வளவுதான். பழைய மெஷினில் பறக்கும். மரகதக்கா அதற்கு மொட்டை என்று பெயர் வைத்தார். ஆபீஸ் முழுக்க அந்தப் பெயர்கள் நின்றுவிட்டன.

எனக்கு மொட்டைதான் பிடித்தது. ஆனால் ஒரு சிக்கல். மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியும், மொட்டைக்குத் தெரியாது. செலவைக் குறைக்கக் கம்பெனி, எடைக் கணக்கு எழுதுகிற ரைட்டர்களை நிறுத்திவிட்டிருந்தது. ஃபீல்டில் ஆள் பார்க்கிற கண்டக்டர்களே வந்து கொழுந்து எடையை மெஷினில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. அவர்கள் தமிழ் படிப்பார்கள், இங்கிலீஷ் மெனுவைப் பார்த்தால் மிரளுவார்கள். அதனால் மாப்பிள்ளையைப் போட்டேன். மொட்டையை ஒரே ஒரு மெஷினில், போஜண்ணன் மேஜையில், சோதனைக்கு வைத்தேன். நினைவகம் போதாது என்று மனசு உறுத்தியது. ஆனாலும் அன்று நான் எடுத்த முடிவு தவறில்லை. இன்றைக்கும் அதையே எடுப்பேன்.

முதல் நாள் சாயங்காலம் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். மெனுவைப் பார்த்துவிட்டு போஜண்ணன் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இதுல வெட்டும் இருக்கு, ஒட்டும் இருக்குங்க. நம்ம கம்பெனில வெட்டு மட்டும்தான்." எல்லோரும் சிரித்தார்கள். வேலை முடிந்ததும் எப்படி முறையாக அணைப்பது என்று காட்டினேன். சாந்திதான் மவுஸைப் பிடித்து அதைச் செய்து பார்த்தாள். ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண்.

அடுத்த தடவை நான் போனபோது சாந்தியின் நாற்காலி காலி. ஆள் குறைப்பு என்றார்கள். அந்த வருஷம் எந்த ஆபீசுக்குப் போனாலும் காலி நாற்காலி இருந்தது. வருத்தப்பட்டேன், வேலையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. காலையில் மெஷினைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடி, பாதியில் நின்றுவிடும். டிஸ்க்கில் பிழை. நான் பஸ் ஏறிப் போய்ச் சரி செய்துவிட்டு வருவேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போன் வரும். ஒரு தடவை கண்டக்டர்கள் ஏற்றிய எடை எல்லாம் காணாமல் போய், மரகதக்கா பேப்பரைப் பார்த்து மறுபடி ஏற்றினார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசவே இல்லை. அது திட்டுவதைவிட மோசம்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் செய்தேன். கரண்ட்டைச் சந்தேகப்பட்டேன், ஸ்டெபிலைசர் மாட்டினேன். டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன், வேறு டிஸ்க் போட்டேன். கேபிளை மாற்றினேன். ஈரத்தைத் திட்டினேன். இதில் ஒரு வேடிக்கை, மொட்டை ஓடுகிற மெஷின் மட்டும் ஒரு நாளும் விழவில்லை. அதே கரண்ட், அதே ஈரம், அதைவிடப் பழைய டிஸ்க். அதனால் எனக்கு முடிவு தெளிவாகிவிட்டது. மாப்பிள்ளை கனம், மெஷின் தாங்கவில்லை. உங்கள் சண்டையில் வேகக் கட்சிக்காரர் சொன்ன அதே நியாயம். அத்தாட்சி கண்ணுக்கு முன்னால் இருந்தது. அத்தாட்சி இருந்து என்ன, அந்த முடிவு தப்புதான்.

மாசக் கடைசி வருவதற்குள்ளேயே ஆபீசரிடமிருந்து செய்தி வந்தது. நாளைக் காலையிலேயே வருகிறார். ஜீப்போடு.

நான் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். விழுந்து கிடந்த மெஷின்களை எழுப்பினேன். மறுநாள் விடிந்ததும் வந்து மாப்பிள்ளையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றிலும் மொட்டையைப் போட்டுவிடுவது என்று முடிவு. இங்கிலீஷ் மெனுவைக் கண்டக்டர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்று மரகதக்கா கேட்டதற்கு, சமாளிக்கட்டும் என்று கத்தினேன். யாரும் திருப்பிக் கத்தவில்லை. அவர்கள் ஏற்கெனவே பூட்டை மனசில் மாட்டிவிட்டிருந்தார்கள்.

எப்போதும் நான் வெளிச்சம் இருக்கும்போதே ஊட்டிக்குக் கிளம்பிவிடுவேன். அன்று பஸ் வரவில்லை. எஸ்டேட் ஜீப் ஆறு மணிக்குத்தான் என்றார்கள். அதனால் அந்த ஆபீஸ் மூடுகிற நேரத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

போஜண்ணன் தன் மேஜையில் மொட்டையை ஒழுங்காக அணைத்தார். லாகவுட் என்று இங்கிலீஷில் இருந்ததை அமுக்கினார், காத்திருந்தார், திரை இருண்டதும் எழுந்தார். நேராக மாப்பிள்ளை ஓடுகிற அடுத்த மெஷினிடம் போனார். குனிந்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அடுப்பை அணைப்பது மாதிரி, ஒரு சலனமும் இல்லாமல். பிறகு அடுத்ததற்குப் போனார்.

ஓடுகிற மெஷினை அப்படிப் பிடுங்கினால் டிஸ்க்கில் பிழை வராமல் என்ன செய்யும்? அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏனுங்ணா, என்னங்க பண்றீங்க?"

"ஊட்டுக்குப் போறமுங்க. அணைக்க வேண்டாமா?"

"அணைக்கறதுக்குத்தான் அதுலயே சொல்லிக் குடுத்தனேங்க. அத அமுக்குனா என்ன?"

போஜண்ணன் மரகதக்காவைப் பார்த்தார். மரகதக்கா கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தவர் நின்றார்.

"நீங்க அமுக்குங்க தம்பி," என்றார். "உங்களுக்கு இங்க வேலை இல்லை. போறதுக்கு ஒண்ணும் இல்லை."

எனக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்தேன். மெனுவின் கடைசியில், மாப்பிள்ளையின் அழகான எழுத்தில், ஒரே ஒரு சொல்: வெளியேறு.

"சாந்தி அமுக்குனா. உங்க முன்னாலதான் அமுக்குனா," என்றார் மரகதக்கா. "மறுநாள் காலையில பத்துச்சீட்டு."

வேலையிலிருந்து நிறுத்துகிறபோது கொடுக்கிற சீட்டுக்கு சிலோன் தோட்டத்தில் இருந்தவர்கள் சொல்லும் பெயர் அது. கணக்குத் தீர்ந்தது, கிளம்பு என்று அர்த்தம். அக்கா அதைத் தன் குடும்பத்தில் ஒரு தடவை பார்த்தவர். தோட்டத்தை விட்டு, அப்புறம் நாட்டை விட்டு.

நான் சிரித்திருக்கலாம். படித்தவர்கள், இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தவர்கள், ஒரு பொத்தானைப் பார்த்துப் பயப்படுகிறார்களே என்று. சிரிப்பு வரவில்லை. கடைப்பையனைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிற ஊரில், ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு மெஷின் மனுஷனைப் பார்த்து வெளியேறு என்கிறது. அதுவும் யார் அடுத்து என்று எல்லோரும் காத்திருக்கிற மாசத்தில். சம்பளம் வாங்காமல் அதை மொழிபெயர்த்தவர்கள்மேல் குற்றமில்லை. அகராதிப்படி சரிதான். அவர்கள் ஆபீசில் யாரும் யாரையும் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை.

கோபம் வந்தது. அவர்கள்மேல் இல்லை. அத்தனை தடவை பஸ் ஏறி வந்து, டிஸ்க்கையும் கேபிளையும் கேட்டேனே தவிர, நாற்காலியில் இருந்தவர்களை ஒரு தடவையும் கேட்கவில்லை. "ஏனுங்கக்கா, முன்னாலயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "என்னன்னு சொல்ல? பொத்தானுக்குப் பயம்னா? நீங்க ஊட்டி போய் நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிக்கவா?" என்றார். நியாயம்தான். நான் சொல்லியிருப்பேன்.

மொட்டையைப் போடுகிற யோசனையை அங்கேயே விட்டேன். மாப்பிள்ளையிடம் கனம் இருந்தது, ஆனால் மெஷினைக் கொன்றது அது இல்லை. இந்த சிஸ்டத்தில் ஒரு வசதி உண்டு. மெனுவில் வருகிற சொற்கள் தனிக் கோப்பில் இருக்கும். திறக்கலாம், மாற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். காசு கொடுத்து வாங்குகிறதில் அது நடக்காது. இலவசம் இலவசம் என்று நீங்கள் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னை அன்றைக்குக் காப்பாற்றியது இதுதான்.

கோப்பைத் திறந்தேன். 'போயிட்டு வாங்க' என்று அடித்துக் காட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. நம் ஊர் மரியாதை, வாசலில் நின்று வழியனுப்புகிற மாதிரி.

மரகதக்கா திரையைப் படித்தார். முகம் மாறவில்லை.

"இப்பிடித்தான் தம்பி சாந்திகிட்டயும் சொன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க."

அழித்தேன். 'முடி' என்று போட்டேன். போஜண்ணன் தலையில் கை வைத்துக் காட்டினார், அவருக்கு வழுக்கை. 'நிறுத்து' என்றேன், அது ஆளை நிறுத்துவது. 'விடைபெறு' என்றேன், அது செத்துப்போனவருக்கு ஒட்டுகிற போஸ்டரில் வரும் என்றார்கள். தமிழில் ஒரு வேலையை விட்டு ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் எழுந்து போவதற்குச் சொல்லே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எஸ்டேட் ஜீப் வந்துவிட்டது. டிரைவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஆபீஸ் இன்னும் விடலீங்களா?" என்றான்.

"விட்டாச்சு, விட்டாச்சு," என்றார் மரகதக்கா. சொன்னவர் அப்படியே என் பக்கம் திரும்பினார்.

நான் அதை அடித்தேன். 'ஆபீஸ் விட்டாச்சு.' பள்ளிக்கூடம் விட்ட மாதிரி, சினிமா விட்ட மாதிரி. விட்டால் மறுநாள் மறுபடி உண்டு. யாரும் யாரையும் அனுப்பவில்லை. போஜண்ணன் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு குனிந்து, பிடுங்கிய பிளக்கை மறுபடி சொருகினார். விழுந்த மெஷினைக் கடைசித் தடவையாக எழுப்பினேன். எல்லாவற்றிலும் சொல்லை மாற்றினேன். ஜீப் டிரைவர் முனகிக்கொண்டே காத்திருந்தான்.

காலை முதல் பஸ்ஸில் நான் திரும்பி வந்திருந்தேன். ஆபீசர் வந்தார். ஜீப்பின் பின்னால் காலி அட்டைப்பெட்டிகள். அவர் முடிவோடு வந்திருந்தார் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். கொழுந்துக் கணக்கைக் காட்டச் சொன்னார், மரகதக்கா காட்டினார். டிஸ்பாட்ச் கேட்டார், போஜண்ணன் காட்டினார். அவருக்கு அது போதவில்லை. மெஷின் காலையில் எழுந்திருப்பதில்லை என்பது அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"இப்ப ஓடுதுங்க, சரி. அணைச்சுட்டு மறுபடி போடுங்க, பாக்கலாம்," என்றார்.

மரகதக்கா மவுஸில் கை வைத்தார். வைத்த கை நகரவில்லை. எனக்குத் தெரியும், எதிரில் நிற்பவர்தான் சாந்தியின் சீட்டில் கையெழுத்துப் போட்டவர். நான் அமுக்கியிருக்கலாம். என் கை அரிக்கவும் செய்தது. ஆனால் நான் அமுக்கினால் அது என்னுடைய மெஷின். நாளைக்கு யார் அமுக்குவார்கள்? பேசாமல் நின்றேன். இந்தத் தொழிலில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று, சும்மா நின்றது.

அக்கா ஆபீசரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அமுக்கினார்.

திரை இருண்டது. ஆபீசர் தானே சுவிட்சைப் போட்டார். மாப்பிள்ளை எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுப்பான் என்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அந்தக் காலத்து மெஷினைப் பார்த்ததில்லை. கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடியது. ஓடியது. போஜண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் நிழலும் குதிக்கிற ஐக்கானுமாக மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான். காலையில் ஏற்றிய எடை அத்தனையும் அப்படியே இருந்தது.

ஆபீசர் எடைக் கணக்கை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக டிரைவரைக் கூப்பிட்டு, பெட்டிகளை இறக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. நல்ல வார்த்தை ஒன்றும் கிடையாது. ஆபீஸ் மலையிலேயே நின்றது. சாந்தியைக் கூப்பிடவில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மரகதக்கா அன்றைக்கே கேட்டுப் பார்த்தார், தேயிலை விலை ஏறட்டும் பார்க்கலாம் என்றார் ஆபீசர்.

கிளம்பும்போது ஆபீசர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"கோயமுத்தூர் ஆபீசுக்கும் இதையே போட்டுக் குடுத்துருங்க. ஆனா அந்தக் கடைசிப் பொத்தான்ல எழுதியிருக்கறது வேண்டாமுங்க. 'ஆபீஸ் விட்டாச்சு'ன்னு போட்டா எங்காளுக நாலு மணிக்கே அமுக்கிருவாங்க."

"அப்ப உங்க ஆபீசுக்குப் பழைய சொல்லையே போட்டுக்குங்க சார்," என்றார் மரகதக்கா. "ராத்திரி பத்து மணியானாலும் ஒருத்தரும் அமுக்க மாட்டாங்க."

கோயமுத்தூருக்குப் போனேன். மெஷினைத் தொடவில்லை. ஒரு நாள் முழுக்க மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆபீஸ் விடுகிற நேரத்தில் அவர்கள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்தார்கள், எழுந்து போனார்கள். அங்கே மொட்டையைப் போட்டு, இங்கிலீஷிலேயே விட்டுவிட்டு வந்தேன்.